கரையில் கிடக்கும் சுறா எந்தக் கடலில் வாழ்ந்தது? உடம்பைப் பார்த்தே இனமும் இருப்பிடமும் அறிய ஒரு முழுமையான வழிகாட்டி

விடியற்காலையில் மீன் இறங்குதளத்துக்குப் போனால், ஈரத் தரையில் சுறாக்கள் ஒரு குவியலாகக் கிடக்கும். ஏலம் கூறுபவருக்கு அது எல்லாமே சுறா. பெரிய சுறா, சின்னச் சுறா, அவ்வளவுதான். வாங்குபவருக்கும் எடையும் புதுசும் தெரிந்தால் போதும். ஆனால் அந்த ஒரே குவியலில் முகத்துவாரச் சேற்றில் வளர்ந்த மீன் ஒன்று இருக்கும், ஐந்நூறு மீட்டர் ஆழத்து இருட்டிலிருந்து வந்த மீன் ஒன்று இருக்கும், பாதி இந்தியப் பெருங்கடலைக் கடந்து வந்த மீனும் இருக்கும். மூன்றும் ஒரே பெயரில் விலை போகின்றன.

உலகில் சுறா இனங்கள் 500-க்கும் மேல். அவற்றின் நெருங்கிய சொந்தக்காரர்களான திருக்கை வகைகள் 600-க்கும் மேல். இரண்டையும் சேர்த்து இந்தியக் கடல்களில் மட்டும் 150-க்கும் அதிகமான இனங்கள் பதிவாகியுள்ளன. இத்தனையையும் மனப்பாடம் செய்ய யாராலும் முடியாது, தேவையும் இல்லை. சரியான கேள்விகளைச் சரியான வரிசையில் கேட்டால் போதும். மீன் எங்கே வாழ்ந்தது, என்ன தின்றது என்பதை அதன் உடம்பே சொல்லிவிடும். கீழே ஒவ்வொரு படியும் ஒரு கேள்வி. வரிசையை மாற்றாமல் போங்கள்.

படி 1: இது சுறாக் குடும்பம்தானா?

முதலில் தோலைத் தடவிப் பாருங்கள். தலையிலிருந்து வால் நோக்கித் தடவினால் வழவழப்பாகவும், வாலிலிருந்து தலை நோக்கித் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரவென்றும் இருந்தால் அது சுறா. சாதாரண மீனின் செதில் தட்டையான வில்லை. சுறாவின் செதிலோ மிகச் சிறிய பல். நம் பல்லில் இருப்பது போலவே உள்ளே கூழும், மேலே கடினமான பூச்சும் அதற்கு உண்டு. அந்தக் காலத்தில் தச்சர்கள் மரத்தை இழைக்கச் சுறாத்தோலைப் பயன்படுத்தியது இதனால்தான்.

அடுத்து செவுள். வஞ்சிரத்துக்கும் பாரைக்கும் செவுளை மூடும் தட்டு ஒன்று இருக்கும். அதைத் தூக்கித்தான் உள்ளே சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்போம். சுறாவுக்கும் திருக்கைக்கும் மூடி கிடையாது. வரிசையாக ஐந்து கீறல்கள், சில இனங்களில் ஆறு அல்லது ஏழு, திறந்தபடி தெரியும்.

மூன்றாவது, எலும்பு. இந்தக் கூட்டத்துக்கு உடம்பு முழுக்கக் குருத்தெலும்புதான், நம் காதுமடலில் இருப்பது போல. வெட்டும்போது கத்திக்குத் தெரிந்துவிடும்.

இந்த மூன்றையும் பார்த்துவிட்டால் பொதுவாக நடக்கும் குழப்பங்கள் தீரும். கடல் விரால் தூரத்தில் நீந்தும்போது அச்சு அசல் சுறா மாதிரியே இருக்கும். ஆனால் அதற்குச் செவுள் மூடி உண்டு, எலும்பும் உண்டு. ஓங்கில் (டால்பின்) மீனே அல்ல, பாலூட்டி. அதன் வால் கிடைமட்டமாக இருக்கும், சுறாவின் வால் செங்குத்தாக நிற்கும். கடலில் முதுகுத் துடுப்பு மட்டும் தெரியும்போதும் வேறுபாடு கண்டுபிடிக்கலாம். ஓங்கில் மேலெழுந்து மூச்சுவிட்டு வளைந்து உள்ளே போகும், சுறாவின் துடுப்பு நேர்கோட்டில் நகரும். கண்ணாடித் தொட்டிக் கடைகளில் சுறா என்று விற்கும் வெள்ளி நிறக் குட்டிகள் பெரும்பாலும் தென்கிழக்காசிய ஆற்றுக் கெளுத்திகள்.

இன்னொரு அடையாளம் மூக்குக்குத் தெரியும். கடலின் உப்பு தன் உடம்பிலிருந்து நீரை உறிஞ்சிவிடாமல் இருக்க, சுறாவும் திருக்கையும் இரத்தத்திலும் சதையிலும் யூரியாவைச் சேர்த்து வைக்கின்றன. மீன் செத்த பிறகு நுண்ணுயிரிகள் அந்த யூரியாவை அம்மோனியாவாக மாற்றிவிடும். நேரம் ஆன சுறாவில் மூக்கைத் துளைக்கும் அந்த நெடி வருவது இதனால்தான். சுறாப்புட்டுக்கு மீனை முதலில் வேகவைத்து, தோலுரித்து, உதிர்த்து, பிழிந்து எடுக்கிறோமே, அந்த நீரோடு யூரியாவில் ஒரு பங்கும் போய்விடுகிறது. வேதியியல் தெரியாமலே சமையலறை கண்டுபிடித்த வழி அது.

படி 2: செவுள் பக்கவாட்டிலா, அடியிலா?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். செவுள் கீறல்கள் தலையின் பக்கவாட்டில் இருந்தால் சுறா. வயிற்றுப் பக்கம், வாய்க்குப் பின்னால் இருந்தால் திருக்கைக் கூட்டம். உடம்பின் வடிவத்தை நம்பாதீர்கள்.

உழுவையை எடுத்துக்கொள்வோம். மணல் நிறம், கூரான மூக்கு, முதுகில் இரண்டு துடுப்பு, சுறாவைப் போலவே கட்டுமஸ்தான வால். சந்தையில் பலரும் அதைச் சுறா என்றே வாங்கிப் போகிறார்கள். புரட்டிப் பாருங்கள். ஐந்து சோடிக் கீறல்களும் அடியில் இருக்கும். அது சுறாவின் வாலை வைத்துக்கொண்ட திருக்கை. வாய்க்குள் விரல் வைத்தால் கூர்மையான பல்லுக்குப் பதிலாகப் பாவுகல் பதித்த தரை போலத் தட்டையான பல் வரிசை. மணலில் கிடந்து நண்டையும் இறாலையும் சிப்பியையும் நொறுக்கித் தின்னும் மீன் என்று அந்தப் பல்லே சொல்கிறது. உழுவை வகைகள் பல இன்று அழிவின் விளிம்பில் நிற்கின்றன. அவற்றின் துடுப்புக்குச் சுறாத் துடுப்பைவிடக் கூடுதல் விலை கிடைப்பது முக்கியமான காரணம். 2019-ல் பெரிய உழுவைகள் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின் கீழ் வந்தன.

வேளா மீனும் இப்படித்தான். ரம்பம் போன்ற நீண்ட மூக்கு, இருபுறமும் பற்கள். பெயரில் சுறா சேர்த்து வேளாச் சுறா என்பார்கள், ஆனால் அதற்கும் செவுள் அடியில்தான். உண்மையிலேயே சுறாவாக இருக்கும் ரம்பச் சுறா வேறு. அது ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, ஜப்பான் பக்கம் வாழ்கிறது, உருவத்தில் சிறியது, செவுள் பக்கவாட்டில் இருக்கும், ரம்பத்தின் நடுவே இரண்டு மீசை தொங்கும். இரண்டுக்கும் நெருங்கிய உறவு இல்லை. ஒரே வேலைக்கு இரண்டு குடும்பமும் தனித்தனியே ஒரே கருவியைச் செய்துகொண்டன.

வேளாவைப் பற்றி எழுதும்போது எனக்குப் பட்டினப்பாலை நினைவுக்கு வரும். காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் 'சினைச் சுறவின் கோடு நட்டு' வழிபட்டதை அது சொல்கிறது. கொம்பு என்று நட்டு வைக்கக்கூடிய உறுப்பு சுறாக் கூட்டத்தில் வேளாவுக்குத்தான் உண்டு. அதனால் அந்தக் கோடு வேளாவின் ரம்பமாகவே இருந்திருக்கும் என்பது என் எண்ணம். நம் முன்னோர் கடவுளாக நட்டுவைத்த அந்த மீன் இன்று நம் கரைகளில் எப்போதாவது ஒன்று வலையில் சிக்கினால் செய்தியாகிறது. ரம்பத்தின் பற்கள் வலைக் கண்ணியில் ஒருமுறை மாட்டினால் பின் விடுபடாது. அதன் அழிவுக்கு அதன் கருவியே காரணமாகிப் போனது.

ஆறேழு மீட்டர் வளரும் பிசாசுத் திருக்கையிலிருந்து உள்ளங்கை அளவு மின்திருக்கை வரை எல்லாமே இந்த 'அடிச்செவுள்' கூட்டம்தான். இவற்றைப் படி 6-ல் பார்ப்போம்.

மூன்றாவதாக ஒரு தூரத்துச் சொந்தமும் உண்டு. கைமீரா எனப்படும் ஆழ்கடல் மீன்கள், சுமார் ஐம்பது இனங்கள். பக்கத்துக்கு ஒரே ஒரு செவுள் திறப்பு, முயல் போன்ற பல் தகடுகள், எலி வால் மாதிரி மெலிந்து முடியும் உடம்பு. ஆழ்கடல் இழுவைப் படகுகளில் வந்தால்தான் பார்க்க முடியும்.

படி 3: வயிற்றின் பின்பக்கம் துடுப்பு உண்டா?

செவுள் பக்கவாட்டில் இருக்கிறது, ஆகவே சுறா. இப்போது மீனைப் பக்கவாட்டில் கிடத்தி, மலத்துவாரத்துக்கும் வாலுக்கும் இடையே அடிப்பக்கம் ஒற்றைத் துடுப்பு இருக்கிறதா பாருங்கள். இதற்குக் குதத்துடுப்பு என்று பெயர். சிறியதாக இருக்கும், அவசரத்தில் தவறவிடுவது எளிது.

குதத்துடுப்பு இல்லை என்றால் மூன்று வாய்ப்பு. உடம்பு திருக்கை போலத் தட்டையாக இருந்தால் தேவதைச் சுறா. இதன் ஒரு இனம் ஒருகாலத்தில் ஐரோப்பியக் கடற்கரை முழுக்க இருந்தது, இன்று கேனரி தீவுகளைச் சுற்றித்தான் நன்றாகத் தென்படுகிறது. மூக்கு ரம்பமாக இருந்தால் மேலே சொன்ன ரம்பச் சுறா. இரண்டும் இல்லை என்றால் முள்நாய்ச் சுறா வரிசை. நம் கரையில் குதத்துடுப்பு இல்லாத சுறாவைக் கண்டால் பெரும்பாலும் இந்த வரிசைதான். இவற்றில் பலவற்றுக்கு இரண்டு முதுகுத் துடுப்பின் முன்னாலும் ஒவ்வொரு முள் இருக்கும். கண் பெரிதாக, பச்சையாக ஒளிரும். அந்தப் பச்சைக் கண் ஆழ்கடலின் முத்திரை. ஒளி மிகக் குறைந்த இடத்தில் இருக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் சேர்த்துப் பிடிக்கப் பெருத்த கண் அது.

ஈரலைப் பார்த்தால் இன்னும் உறுதியாகும். உடம்பின் எடையில் பெரும்பங்கு ஈரல், அது முழுக்க எண்ணெய். சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது, மிதப்பதற்கு இந்த எண்ணெயை நம்பியிருக்கிறது. அந்த எண்ணெயில் உள்ள ஸ்குவாலீன் என்ற கொழுப்புப் பொருளுக்காகத்தான் இந்த ஆழ்கடல் சுறாக்கள் பிடிபடுகின்றன. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்கள் சுறா வேட்டையில் பெயர் பெற்றவர்கள். நெடுந்தூண்டில் கயிறோடு வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி, பெரும்பாலும் கொச்சித் துறைமுகத்தில் மீனை இறக்குகிறார்கள். அவர்களின் திறமையில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அதே சமயம், இந்தப் பச்சைக்கண் சுறாக்களில் பல ஒரு ஈற்றில் ஒன்றோ இரண்டோ குட்டிதான் போடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு பகுதியில் எடுத்துவிட்டால் அங்கே மீண்டும் பெருகப் பல தலைமுறைக் காலம் ஆகும்.

இதே வரிசையில்தான் வட அட்லாண்டிக்கிலும் ஆர்க்டிக்கிலும் உறைநிலைக் குளிரில் வாழும் கிரீன்லாந்துச் சுறா இருக்கிறது. 2016-ல் வெளியான ஆய்வில், கண் வில்லையில் உள்ள கார்பனை வைத்து ஒரு பெரிய பெண் சுறாவின் வயதைக் கணக்கிட்டார்கள். குறைந்தது 272 ஆண்டு, ஒருவேளை நானூறை ஒட்டியும் இருக்கலாம் என்று வந்தது. முதுகெலும்பு உள்ள விலங்குகளில் இதைவிட நீண்ட ஆயுள் எதற்கும் தெரியவில்லை. கரீபியன் ஆழத்தில் ஒரு சாண் நீளமே வளரும், தானே ஒளி விடும் குட்டை விளக்குச் சுறாவும் இதே வரிசைதான்.

படி 4: வாயும் கண்ணும்

குதத்துடுப்பு இருந்தால் செவுள் கீறலை எண்ணுங்கள். ஆறோ ஏழோ இருந்து, முதுகில் ஒரே ஒரு துடுப்பு இருந்தால் அது பழங்கால வடிவம் கொண்ட ஆழ்கடல் வரிசை. ஐந்து கீறலும் இரண்டு முதுகுத் துடுப்பும் இருந்து, துடுப்பின் முன் முள்ளும் இருந்தால் கொம்புத்தலைச் சுறா. திருகாணி போன்ற முட்டை இடும் இந்த மீன் ஆஸ்திரேலியா, ஜப்பான், கலிபோர்னியா பக்கம் அதிகம்.

முள் இல்லையா? அப்படியென்றால் வாயைப் பாருங்கள். வாய் முழுவதும் கண்ணுக்கு முன்னால், மூக்கின் நுனியை ஒட்டி இருந்தால் அது கம்பளச் சுறா வரிசை. நம் பார்களின் (கடலடிப் பாறைத் திட்டுகளின்) இடுக்கில் ஒளியும் மூங்கில் சுறாக்கள் இதில் சேரும். ஒல்லியான நீண்ட உடல், மூக்கருகே குட்டி மீசை. உடம்பில் பாதி நீளம் வாலாகவே இருக்கும் வரிக்குதிரைச் சுறாவும் இதில்தான். குட்டிக்குக் கறுப்பு வெள்ளை வரி, வளர்ந்ததற்கு மஞ்சள் உடம்பில் புள்ளி. இரண்டும் ஒரே இனம் என்று நம்புவதற்கே சற்று நேரமாகும்.

கடலின் அடியில் கிடக்கும் இந்தச் சிறு மீன்களுக்கு நேர் சொந்தம் யார் தெரியுமா? உலகிலேயே பெரிய மீனான திமிங்கலச் சுறா. அதன் வாயும் கண்ணுக்கு முன்னால்தான், அதனால் அதே வரிசை. மன்னார் வளைகுடாவிலும் அது அவ்வப்போது தென்படும். 1995-ல் தைவானில் பிடிபட்ட ஒரு பெண் திமிங்கலச் சுறாவின் வயிற்றில் சுமார் 300 குட்டிகள் வெவ்வேறு வளர்ச்சி நிலையில் இருந்தன. அது முட்டையிடும் மீன் என்ற நெடுநாள் நம்பிக்கை அன்று முடிவுக்கு வந்தது. இந்தியாவில் 2001 முதல் இதைப் பிடிப்பது தடை. குஜராத் கரையில் முன்பு நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டது. 2004-ல் தொடங்கிய இயக்கம் ஒன்று அதைப் பிறந்த வீட்டுக்குப் பிரசவத்துக்கு வரும் மகள் என்று மீனவர்களிடம் சொன்னது. வலையை அறுத்து விடுவிக்கும் வழக்கம் அங்கே அப்படித்தான் வேரூன்றியது.

வாய் கண்ணுக்குக் கீழேயோ பின்னாலோ நீண்டால் கடைசிக் கேள்வி: கண்ணின் கீழிருந்து மேலே ஏறும் மூன்றாம் இமை உண்டா? மெல்லிய குச்சியால் கண்ணின் கீழ் ஓரத்தை நகர்த்திப் பார்க்கலாம். இமை இல்லை என்றால் கதிர்ச்சுறா, வெள்ளைச்சுறா, நரிச்சுறா ஆகியவை சேர்ந்த வரிசை. இமை இருந்தால் உலகின் சுறா இனங்களில் பாதிக்கும் மேல் அடங்கும் மிகப் பெரிய வரிசை. நம் குவியலில் கிடப்பதில் பெரும்பங்கும் இதுதான்.

படி 5: பெரிய வரிசைக்குள் பிரிப்பது

இங்கேதான் எல்லோரும் திணறுவார்கள். எளியவற்றை முதலில் ஒதுக்கிவிடுங்கள்.

தலை இருபுறமும் அகன்றால் கொம்பன் சுறா. தலையின் முன்விளிம்பைப் பாருங்கள். வளைந்து, நட்டநடுவே ஒரு வெட்டு விழுந்திருந்தால் நம் கடலில் மிகப் பரவலான வகை. விளிம்பு கிட்டத்தட்ட நேராக, முதல் முதுகுத் துடுப்பு அரிவாள் போல மிக உயரமாக இருந்தால் பெருங்கொம்பன். தலை மிக அகன்று, உடல் நீளத்தில் ஏறக்குறைய பாதியளவுக்குச் சிறகாக விரிந்தால் சிறகுத்தலைக் கொம்பன், சேற்றுக் கரைகளுக்குரியது. அந்த அகன்ற தலையின் அடியில் மின்னுணர்வுத் துளைகள் நிறைந்திருக்கும். மணலுக்குள் புதைந்த திருக்கையின் இதயத்துடிப்பு எழுப்பும் மிகச் சிறிய மின்னோட்டத்தையும் அது உணர்ந்துவிடும். எல்லாச் சுறாவுக்கும் மூக்கின் அடியில் இந்தத் துளைகள் உண்டு. அழுத்தினால் கூழ் போன்ற திரவம் வரும், செய்து பாருங்கள்.

மழுங்கிய சதுரத் தலை, உடம்பில் வரி, சேவல் கொண்டை போல ஒருபக்கம் சாய்ந்த ரம்பப் பல் இருந்தால் புலிச்சுறா. ஆமை ஓட்டையும் வெட்டும் பல் அது.

மண்வெட்டி போலத் தட்டையான மூக்கு, கடுகுக் கண், முக்கால் மீட்டருக்குள் அடங்கும் உடம்பு என்றால் மண்வெட்டிமூக்குச் சுறா. கலங்கிய கரையோர நீரில் கூட்டமாக வாழும். இதன் முட்டை ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும், சுறாக்களிலேயே மிகச் சிறியது. கருவில் வளரும் குட்டிக்குத் தாய் நஞ்சுக்கொடி வழியாக உணவூட்டுகிறது, நம்மைப் போல.

பால் சுறா கூரிய நீண்ட மூக்கும், வாயோரம் நீளமான மடிப்புக் கோடும் உடையது. சுறாப்புட்டுக்கு வீட்டில் தேடுவது இதைத்தான். குழந்தை பெற்ற பெண்ணுக்குப் பால் சுரக்கும் என்ற நம் நம்பிக்கையிலிருந்தே இதற்கு உலகம் முழுவதும் 'பால்' என்ற பெயர் போனது.

மீதி எல்லாம் சாம்பல் நிறச் சுறாக்கள். இவற்றில் துடுப்பு நுனியின் கறுப்பு எங்கெங்கே இருக்கிறது, முதுகில் இரண்டு துடுப்புக்கும் நடுவே மேடு ஓடுகிறதா, மேல்தாடைப் பல் எப்படி என்ற மூன்றையும் எழுதி வையுங்கள். வெறும் நிறத்தை மட்டும் வைத்துப் பெயர் சொல்லாதீர்கள். எல்லாத் துடுப்பிலும் அழுத்தமான கறுப்பும், முதல் முதுகுத் துடுப்பில் கறுப்புக்குக் கீழே வெள்ளைப் பட்டையும் இருந்தால் பார்களில் வாழும் கருநுனிப் பார்ச்சுறா. மற்றவற்றுக்குப் பல்லைப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது.

படி 6: திருக்கைகளைச் சுருக்கமாக

வாலின் நடுவில் முள் இருந்தால் முள்திருக்கை. செத்த பிறகும் அந்த முள்ளின் நஞ்சு வேலை செய்யும், கையை வைக்காதீர்கள். குத்திவிட்டால் காயத்தைப் பொறுக்கும் சூட்டு வெந்நீரில் அரைமணி நேரத்துக்கு மேல் வைத்தால் வலி தணியும், அப்புறம் கட்டாயம் மருத்துவமனை. தலை உடம்பிலிருந்து தனியாகத் துருத்தி, சிறகு கூர்ந்து முடிந்தால் கழுகுத் திருக்கை. அது தரையை விட்டு எழுந்து நீந்தும், சிப்பி தின்னும். முகத்தின் இருபக்கமும் கொம்பு போன்ற மடல் இருந்தால் பிசாசுத் திருக்கை, மிதவை உயிரிகளை வடித்துண்ணும் ஆழ்கடல் பயணி. இதைக் கொம்புத் திருக்கை என்றும் சொல்வார்கள். உடம்பு வட்டமாக, வழவழவென்று, தொட்டால் சுரீரென்று இழுத்தால் மின்திருக்கை.

தோலில் முள் நிறைந்து, முட்டைப் பை இடும் வகை ஒன்றும் உண்டு. அது குளிர்ந்த, ஆழமான நீருக்குரியது. முள்திருக்கையோ குட்டி போடும்.

படி 7: இப்போது இருப்பிடத்தைப் படியுங்கள்

இனத்தின் பெயர் தெரியாவிட்டாலும் இதைச் செய்யலாம். எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான்.

வாலிலிருந்து தொடங்குங்கள். மேல்மடலும் கீழ்மடலும் ஏறக்குறைய சமமாக, பிறை போல இருந்தால் திறந்த கடலில் விரைந்து ஓடும் மீன். கதிர்ச்சுறாவின் வால் அப்படி. சூரையைத் துரத்திப் பிடிக்கும் அது, தன் தசையின் சூட்டை வீணாக்காமல் இரத்தக் குழாய்ப் பின்னல் வழியாகத் தக்கவைத்து, சுற்றியுள்ள நீரைவிட உடம்பை வெதுவெதுப்பாக வைத்திருக்கிறது. கீழ்மடல் இல்லாமல் வால் கொடி போல நீண்டு படுத்திருந்தால் அடித்தளவாசி. நரிச்சுறாவின் வால் மட்டும் தனிக்கதை. உடம்பளவு நீண்ட மேல்மடலைச் சாட்டை போல வீசி, சாளைக் கூட்டத்தை மயக்கித் தின்னும். இலங்கையில் 2012 முதல் நரிச்சுறா பிடிக்கத் தடை இருக்கிறது.

அடுத்து மார்புத் துடுப்பு. மிக நீளமாக, விமானச் சிறகு போல விரிந்தால் பெருங்கடலில் சறுக்கிப் பயணம் செய்யும் மீன். நீலச்சுறா அப்படித்தான் கண்டம் விட்டுக் கண்டம் போகிறது. அதன் நிறத்தையும் பாருங்கள், முதுகு கருநீலம், வயிறு வெள்ளை. மேலிருந்து பார்த்தால் ஆழத்தோடும், கீழிருந்து பார்த்தால் வெளிச்சத்தோடும் கலந்துவிடும். பழுப்பும் புள்ளியும் வரியும் இருந்தால் பாரும் மணலும். முழுக்கக் கறுப்பு அல்லது சாக்லேட் நிறம் என்றால் ஆழம்.

கண்ணுக்குப் பின்னால் பெரிய துளை இருந்தால், தரையில் படுத்தபடியே அதன் வழியாக நீரை உள்ளிழுத்து மூச்சுவிடும் மீன். வேகமாக ஓடும் சுறாக்களில் அந்தத் துளை மிகச் சிறிதாகவோ இல்லாமலோ இருக்கும்.

கண் மிகச் சிறிதாக இருந்தால் கலங்கல். இந்த ஒரு குறிப்பு நம்மை ஆறுகளுக்குக் கூட்டிப் போகிறது. காளைச்சுறா கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறும். 1937-ல் மிசிசிப்பி ஆற்றில் கடலிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் ஒன்று பிடிபட்டது. நிகரகுவா ஏரிக்குள்ளும் அது போய் வருகிறது. நன்னீரில் யூரியா அளவைக் குறைத்து, சிறுநீரை அதிகம் வெளியேற்றிச் சமாளிக்கிறது. ஆனால் உண்மையான ஆற்றுச் சுறா வேறு. கங்கைச் சுறா, கடுகளவுக் கண்ணோடு வங்காள விரிகுடாவின் கழிமுகங்களில் வாழ்ந்தது. பல ஆண்டுகள் யாரும் பார்க்காத நிலையில், 2016-ல் மும்பையின் மீன் துறையில் ஒரு பெண் மீன் இறக்கப்பட்டது. ஆய்வாளர் கண்ணில் படாமல் இருந்திருந்தால் அன்று அதுவும் 'சுறா' என்று போயிருக்கும். திருக்கைகளில் தென்னமெரிக்க ஆற்றுத் திருக்கைகள் இன்னும் ஒரு படி மேலே. தலைமுறை தலைமுறையாக நன்னீரிலேயே வாழ்ந்து, யூரியாவைச் சேமிக்கும் ஆற்றலையே இழந்துவிட்டன. அவற்றால் கடலுக்குத் திரும்ப முடியாது.

படி 8: ஆணா, பெண்ணா, குட்டியா?

வயிற்றுத் துடுப்பின் உள்ளோரம் விரல் போல இரண்டு உறுப்பு நீட்டிக்கொண்டிருந்தால் ஆண். அது வளைந்து கொடுத்தால் பருவம் வராத மீன், உள்ளே கெட்டிப்பட்டு விறைத்திருந்தால் முதிர்ந்தது. குட்டிகளின் மார்புத் துடுப்புகளுக்கு நடுவே தொப்புள் வடு திறந்தபடி இருந்தால் பிறந்து சில வாரங்களே ஆகின்றன. இந்த வடுவைக் கட்டாயம் குறித்து வையுங்கள். புதிதாகப் பிறந்த குட்டிகள் ஒரு கரையில் தொடர்ந்து வந்தால் அதற்கு அருகில் குட்டி ஈனும் இடம் இருக்கிறது என்று பொருள். காக்க வேண்டிய முதல் இடம் அதுதான்.

படி 9: பதிவு செய்வதும் சட்டமும்

பக்கவாட்டில் முழு உடல், தலையின் அடிப்பகுதி, திறந்த வாய், முதல் முதுகுத் துடுப்பு எங்கே தொடங்குகிறது என்பது தெரியும்படி ஒரு படம். இந்த நான்கும் போதும். பக்கத்தில் அளவுகோல் இல்லாவிட்டால் செருப்பையாவது வையுங்கள். எந்த வலை, எத்தனை பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி) ஆழம், எந்தத் திசை என்று படகுக்காரரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் ஊர்ப் பெயரை அப்படியே எழுதுங்கள். மண்டபம், தூத்துக்குடி, சென்னை ஆகிய இடங்களில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையங்கள் இருக்கின்றன. அரிதாகத் தோன்றினால் அங்கே காட்டலாம்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001-ல் பத்துச் சுறா, திருக்கை இனங்கள் சேர்க்கப்பட்டன. திமிங்கலச் சுறா, வேளா, கங்கைச் சுறா, பெரிய உழுவை ஆகியவை அதில் அடக்கம். 2022-ல் வந்த திருத்தத்தில் பட்டியல் இன்னும் நீண்டிருக்கிறது. ஆகவே உங்கள் ஊர் மீன்வளத் துறை அலுவலகத்தில் இப்போதைய பட்டியலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சுறாத் துடுப்பு ஏற்றுமதிக்கு 2015 முதல் தடை. 1970 முதல் ஐம்பது ஆண்டுகளுக்குள் திறந்த கடல் சுறா, திருக்கைகளின் எண்ணிக்கை 71 சதவீதம் குறைந்துவிட்டதாக 2021-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு வேலையை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

படி 10: எப்போதும் கண்ணில் வைத்திருக்க வேண்டிய ஒரு மீன்

அந்த 2001 பட்டியலில் நம் கரையின் பெயர் தாங்கிய மீன் ஒன்று இருக்கிறது. புதுச்சேரிச் சுறா. புதுச்சேரியில் கிடைத்த மீனை வைத்து 1839-ல் முல்லர், ஹென்லே என்ற இரு ஜெர்மானியர்கள் விவரித்தார்கள். உலக அருங்காட்சியகங்கள் எல்லாவற்றிலும் சேர்த்துச் சுமார் இருபது மாதிரிகளே உள்ளன. கடைசியாக உறுதியான மாதிரி கிடைத்தது 1979-ல்.

அடையாளம் இதோ. நீளம் ஒரு மீட்டரை ஒட்டி. கூரான, சற்று நீண்ட மூக்கு. சாம்பல் உடம்பு. இரு முதுகுத் துடுப்புக்கும் நடுவே மேடு உண்டு. மார்புத் துடுப்பு, இரண்டாம் முதுகுத் துடுப்பு, வாலின் கீழ்மடல் ஆகியவற்றின் நுனியில் கறுப்பு. இதே இடங்களில் கறுப்பு உள்ள வால்புள்ளிச் சுறா நம் சந்தைகளில் நிறைய வரும், ஏமாந்துவிடாதீர்கள். பல்தான் தீர்ப்புச் சொல்லும். புதுச்சேரிச் சுறாவின் மேல்தாடைப் பல்லில் நடுக்கூர் வழுவழுப்பாக இருக்கும், அடிப்பகுதியில் மட்டும் முரட்டு ரம்ப முனைகள் இருக்கும். வால்புள்ளிச் சுறாவின் பல்லில் நடுக்கூரிலும் ரம்பம் ஓடும், பல் ஒருபக்கமாகச் சாய்ந்தும் இருக்கும்.

எனவே கறுப்பு நுனியுள்ள சின்னச் சாம்பல் சுறா எது கிடந்தாலும் குனிந்து, மேலுதட்டைத் தூக்கி, பல்லை ஒரு படம் எடுத்துவிடுங்கள். ஏலம் தொடங்கும் முன்பே எடுத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு தலை ஒரு கூடையிலும் உடல் ஒரு கூடையிலும் போய்விடும்.